புதுக் கம்ப்யூட்டரில் எதை ஏற்றுவது?

(நமது ஈஜிபுரா நிருபர்)

ஈஜிபுராவில் என் எதிர்வீட்டுக்காரர் ஒரு மேஸ்திரி. திருவண்ணாமலைப் பக்கம் சொந்த ஊர். கோரமங்கலாவில் ஊராருக்கு மாடி மேல் மாடி கட்டிக் கொடுத்துவிட்டு, தாம் மட்டும் ஒற்றை அறை வாடகை வீட்டில் குடியிருப்பவர். அவருடைய மகள் பி.காம். படிக்கிறாள். கம்ப்யூட்டர் இல்லாமல் இனி படிக்க முடியாது என்று அவள் சொல்லிவிட்டதால், சீட்டுப் பணம் ரூ.11,000-ஐ எடுத்துக்கொண்டு எஸ்.பி. ரோட்டுக்குப் போனார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்.

"கடைக்காரப் பையன் நாப்பது சாப்ட்வேர் போட்டுக் கொடுத்திருக்கான் சார். எல்லாம் ஃப்ரீ!" என்று அன்று மாலை என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

நாற்பதில் அந்தப் பெண் தொட்டது நான்கு. மற்றவற்றில் கட்டட வரைபடம் போடுகிற மென்பொருள் உண்டு. சினிமாக்காரர்கள் படம் வெட்டி ஒட்டுகிற மென்பொருளும் உண்டு. விலை கொடுத்து வாங்கினால் மேஸ்திரியின் ஓராண்டுக் கூலி போதாது. அத்தனையும் திருட்டுப் பிரதி.

மூன்றாம் மாதம் ஒரு நாள் காலையில் பெட்டியைத் திறந்தால், கோப்புகளின் பெயருக்குப் பின்னால் ஏதோ புரியாத எழுத்துகள். எதுவும் திறக்கவில்லை. பணம் அனுப்பினால் திறந்து தருகிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் கடிதம் மட்டும் திறந்தது. கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய ப்ராஜெக்ட், வேலைக்கு எழுதி வைத்திருந்த விண்ணப்பம், போன வருஷம் காலமான பாட்டியின் படங்கள் எல்லாம் போயின. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றித் தர ஐந்நூறு ரூபாய் ஆகும் என்றார்களாம். மறுபடி ஏற்றப்போவதும் அதே நாற்பதுதான்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. திருட்டுப் பிரதி ஓட வேண்டுமானால் அதன் பூட்டை உடைக்க வேண்டும். அதற்கென்று ஒரு சிறு மென்பொருள் கையிலிருந்து கைக்குச் சுற்றுகிறது. அதை ஓட்டுவதற்கு முன் கம்ப்யூட்டரின் காவலை நிறுத்திவிடச் சொல்வார்கள். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுப் பூட்டை உடைக்கிறவன், உள்ளே தன் ஆளையும் விட்டுவிட்டுப் போகிறான். பிறகு என்ன நடந்தால்தான் என்ன ஆச்சரியம்?

கம்ப்யூட்டர் வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்குகிற நம்மவர்கள், அதற்குள் எதை ஏற்றுவது என்பதைக் கடைப் பையனிடம் விட்டுவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இதில் நான் எழுதி வைப்பது பத்து வருஷம் கழித்தும், வேறு யாருடைய கம்ப்யூட்டரிலும், காசு கேட்காமல் திறக்குமா? ரயில்வே ஆபீசில் முப்பது வருஷத்துப் பேரேட்டைப் புரட்டினால் இன்றைக்கும் கணக்கு தெரிகிறது. பூச்சி அரித்த ஓரம் போக மீதி படிக்க முடிகிறது. நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அந்த யோக்கியதை வேண்டாமா?

முதலில் அடித்தளம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. பழைய பெட்டிகள் பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அது கேட்கிற பாதுகாப்புச் சில்லு அவற்றில் இருப்பதில்லை. கம்பெனிகள் கழித்துவிடுகிற இப்படிப்பட்ட பெட்டிகள்தாம் நம் கைக்கு மலிவாக வந்து சேருகின்றன.

திருத்தம் வராவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைகள் நின்றன. அதைத் தடுக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டது. ஏற்றாமல் விட்டவர்கள்தாம் அகப்பட்டார்கள்.

புதிய பெட்டியோடு முறையான விண்டோஸ் வந்திருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்தாகிவிட்டது. பழைய பெட்டியானால் திருட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடச் சொல்வேன். உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. எல்லாம் இலவசம், சட்டப்படி இலவசம். 4 ஜி.பி. நினைவகம் உள்ள பெட்டியில் மின்ட் தாராளமாக ஓடும்.

ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டை என்று இதை ஒதுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனமே உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2007 வாக்கில், தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிப்பதே இதில்தான். அவ்வளவு தூரம் ஏன்? நம் பெங்களூரிலேயே பன்னேர்கட்டா ரோட்டுப் பக்கம் குரப்பனபாளையாவில், சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக அம்பேத்கர் பெயரில் கம்ப்யூட்டர் மையம் ஒன்று தொடங்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்து இளைஞர்கள் உதவியோடு, பழைய பெட்டிகளில் லினக்ஸ் போட்டுப் பாடம் நடத்தினார்கள். கூலிக்காரர்களின் பிள்ளைகள் கிம்ப் என்ற இலவச மென்பொருளில் படம் வரையக் கற்றார்கள். மேஸ்திரி வீட்டுப் பெட்டியில் திருட்டுத்தனமாக ஏறிய விலை உயர்ந்த பட மென்பொருள் செய்கிற வேலையில் வீட்டுக்குத் தேவையானதையெல்லாம் அது செய்யும்.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு போஸ் என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஊரில் எங்கள் உறவுப் பிள்ளைகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் பொருளை மட்டும் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். ஆகவே தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ஈஜிபுரா மேம்பாலம் மாதிரி தூண் மட்டும் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் நிறுத்திவிடக் கூடாது.

அடுத்து எழுத்து வேலை, கணக்கு வேலை. லிப்ரே ஆபீஸ் என்ற ஒன்று போதும். 2010-ல் தொடங்கியது, இலவசம், விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். வேண்டுமானால் அதன் பட்டியல்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறக்கும். அச்சு அசலாக அதே அமைப்பில் சில சமயம் வராது, வரி முன்னே பின்னே நகரும் என்பதை மறைப்பதற்கில்லை. அதனால் வேலைக்கு அனுப்புகிற விண்ணப்பத்தை பி.டி.எப்.-ஆக மாற்றி அனுப்புவது உத்தமம். எக்செல் தெரியுமா என்று இன்டர்வியூவில் கேட்பார்களே என்று பயப்பட வேண்டாம். கூட்டல், வடிகட்டல் எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அசல் எக்செல்லையே பார்த்துப் பழக வேண்டுமானால், இணையம் வழியாக ஓடுகிற அதன் எளிய வடிவத்தை மைக்ரோசாப்ட் கணக்குத் தொடங்கி இலவசமாகவே பயன்படுத்தலாம்.

பி.காம். பிள்ளைகளுக்கு டேலி வேண்டும். நம் பெங்களூர்க் கம்பெனியின் சரக்கு. இதற்கும் திருட்டுப் பிரதி தேவையில்லை. கற்பவர்களுக்கென்று கட்டணமில்லாத முறை அதிலேயே இருக்கிறது. மாதத்தில் குறிப்பிட்ட சில தேதிகளுக்குத்தான் கணக்கு எழுத விடும். பழகுவதற்கு அது போதாதா? இது விண்டோஸில் ஓடுகிற மென்பொருள் என்பதால், லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கல்லூரியிலோ நண்பர் வீட்டிலோ பழகிக்கொள்ள வேண்டியிருக்கும். படம் பார்க்க, பாட்டுக் கேட்க வி.எல்.சி. ஒன்று போதும், பிரான்ஸ் நாட்டு மாணவர்கள் தொடங்கிவைத்தது.

இனி, நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிற இடத்துக்கு வருகிறேன். தமிழ் எழுத்து!

டைப் செய்து தரும் கடைகள் பலவற்றில் இன்றைக்கும் பழைய எழுத்துருக்களில்தான் அடிக்கிறார்கள். பாமினி, வானவில் என்று பல உண்டு. திரையில் தெரிவது தமிழ். உள்ளே பதிவது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் புள்ளியும் கோடும் ஆங்கில எழுத்துமாகச் சிதறும். கூகுளில் தேடினாலும் அகப்படாது. மேஸ்திரியே ஊரில் உள்ள நிலத்துப் பட்டா மாறுதலுக்காகக் கடையில் மனு அடித்து, பென்டிரைவில் எடுத்துப் போனார். ஊரில் திறந்தபோது ஒரு வார்த்தைகூடத் தமிழில் இல்லை. ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் நஷ்டம்.

யூனிகோடு முறையில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. செல்போனில் நாம் வாட்ஸ்அப் அனுப்புவது அந்த முறையில்தான். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசும் அதை ஏற்று ஆணையிட்டது. விசைப்பலகையில் தமிழ்99-ஐப் பழகுங்கள். 1999-ல் சென்னையில் கூடிய அறிஞர்கள் வகுத்துக் கொடுத்தது. இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. நடுவில் புள்ளி தானே விழுந்துவிடும். 2019-க்குப் பிந்தைய விண்டோஸில் அது உள்ளேயே இருக்கிறது. லினக்ஸிலும் உண்டு. பழைய விண்டோஸ் என்றால் இ-கலப்பை, அழகி போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன.

தமிழோடு கன்னட விசைப்பலகையையும் சேர்த்துவிடுங்கள். ஒரு நிமிஷ வேலை. ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று நாடகச்சேரிக்கு நடக்காத குடும்பம் நம்மில் உண்டா? இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கன்னடம் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள். அவர்கள் வீட்டிலேயே விண்ணப்பம் அடித்துக் கொடுத்தால் தரகருக்கு அழ வேண்டியதில்லை. கன்னடத்துக்கு நுடி என்ற மென்பொருள் பிரபலம். அதிலும் பழைய எழுத்துருவில் அடிக்காமல் யூனிகோடில் அடிக்க வேண்டும். தமிழுக்குச் சொன்னதேதான்.

வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குத் தனியாகக் காசு கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். விண்டோஸோடு வருகிற டிபெண்டரே வீட்டு உபயோகத்துக்குப் போதும் என்பது என் கட்சி. எதை ஏற்றக்கூடாது என்று கேட்டால், போனில் யாராவது ஏற்றச் சொல்வதை. "கரன்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு துண்டித்துவிடுவோம்" என்று பேசி, எனிடெஸ்க் போன்ற மென்பொருளைப் போடச் சொல்கிறார்கள். தூரத்திலிருந்து பழுது பார்க்கப் பயன்படும் நல்ல மென்பொருள்தான். மோசடிக்காரன் கையில் அது நம் வீட்டுச் சாவி. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

மேஸ்திரி வீட்டுப் பெட்டியைப் போன ஞாயிற்றுக்கிழமை துடைத்து, மின்ட் போட்டோம். பழைய கோப்புகள் மீளவில்லை. லிப்ரே ஆபீஸ், பயர்பாக்ஸ், வி.எல்.சி., தமிழ் விசை, கன்னட விசை, அவ்வளவுதான் ஏற்றினோம். முக்கியமானவற்றை வாரம் ஒரு முறை பென்டிரைவில் நகல் எடுத்து, அதைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி பீரோவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

"மத்ததெல்லாம் எங்கே சார்? அஞ்சுதான் இருக்கு" என்றார் மேஸ்திரி, ஏதோ குறைந்துவிட்ட மாதிரி.

"உங்க பட்டா மனுவைப் பாப்பாவையே அடிக்கச் சொல்லுங்க அண்ணே" என்றேன். விசையைத் தேடித் தேடி அவள் முக்கால் மணி நேரம் அடித்தாள். தாசில்தார் பெயருக்கு மேல் "உயர்திரு" விட்டுப்போயிற்று என்று அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.