தாலாட்டுக்குக் கட்டணம் இல்லை

கைக்குழந்தைக்கு மேல்நாட்டு இசையைப் போட்டுக் கேட்க வைத்தால் மூளை வளரும் என்று ஒரு பேச்சு வெகுநாளாக உலவுகிறது. அதை நம்புகிறவர்கள் பங்களாவாசிகள் மட்டும் அல்ல. பெங்களூரிலோ மும்பையிலோ ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தி, சம்பளத்தில் வாடகை போக மிச்சத்தை எண்ணிப் பார்க்கும் குமாஸ்தாவுக்கும் அந்த ஆசை வருகிறது. பிள்ளைக்கு இதைக்கூடச் செய்ய முடியவில்லையே என்ற ஏக்கமும் கூடவே வருகிறது.

இந்த ஏக்கம் தேவையற்றது.

பேச்சு கிளம்பிய கதையைப் பாருங்கள். 1993-ல் அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில், கல்லூரி மாணவர்கள் 36 பேரைப் பத்து நிமிடம் மோட்சார்ட்டின் இசையைக் கேட்க வைத்தார்கள். பிறகு, காகிதத்தை மடித்து வெட்டிப் பிரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற புதிர்களை அவர்கள் சற்று நன்றாகப் போட்டார்கள். அந்தப் பலன் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. சோதனையில் குழந்தை ஒன்றுகூட இல்லை! ஆனாலும் 1998-ல் ஜார்ஜியா மாநில கவர்னர், அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் ஒதுக்கும்படி கேட்டார். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா?

உண்மையிலேயே குழந்தைகளை வைத்துப் பல்லாண்டு ஆராய்ந்தவர் வேறொருவர். கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மனோதத்துவப் பேராசிரியையாக இருந்து, 2023-ல் காலமான சாண்ட்ரா ட்ரெஹப்தான் அவர். மேதைகளின் இசையைவிட, வீட்டில் தாய் பாடும் பாட்டையே அவர் அதிகம் ஆராய்ந்தார்.

ஆங்கிலம் பேசும் தாய்மாரையும் இந்தி பேசும் தாய்மாரையும் ஒரே பாட்டை இருமுறை பாடச் செய்தார். ஒருமுறை குழந்தை எதிரே இருந்தது, மறுமுறை இல்லை. ஒலிப்பதிவை மட்டும் கேட்டவர்களே, எது குழந்தைக்காகப் பாடியது என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். பாஷை புரியவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்து அதே பாட்டைத் தாய்மார் மீண்டும் பாடியபோது, சுருதியும் வேகமும் ஏறக்குறைய மாறவில்லை என்று 2002-ல் வெளியான ஆய்வு கூறியது. சங்கீதம் படிக்காத தாய்க்கும் இது கைவருகிறது. செல்போனைத் தூளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். செல்போன் பாடும், குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பாடாது.

2015-ல் மான்ட்ரியல் நகரில் அவரும் வேறிரு ஆராய்ச்சியாளர்களும் வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரையான 30 குழந்தைகளுக்கு, அவர்கள் கேட்டறியாத துருக்கி மொழியில் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பப்பட்டன. பேச்சைக் கேட்ட குழந்தைகள் நாலு நிமிட அளவில் சிணுங்கத் தொடங்கின. கொஞ்சிப் பேசினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பாட்டைக் கேட்டவை சராசரி ஒன்பது நிமிடம் அமைதியாக இருந்தன. ஆகவே, பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாளோ மராத்திப் பாட்டியோ குழந்தையை வாங்கித் தங்கள் பாஷையில் பாடினால் தடுக்கவேண்டியதில்லை.

ஆனால் சொந்த வீட்டுப் பாட்டுக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. ஏழு எண்ணிக்கை கொண்ட பால்கன் நாட்டுத் தாளங்களை 2005-ல் அவரும் எரின் ஹன்னனும் வட அமெரிக்கக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். (தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் கேட்கும் மிஸ்ர சாபுவும் ஏழுதான்.) தாளம் பிசகினால் ஆறு மாதக் குழந்தை கண்டுகொண்டது. ஒரு வயதுக் குழந்தைக்கு அந்தத் திறன் போய்விட்டிருந்தது. சில நாள் வீட்டில் கேட்க வைத்ததும் அது திரும்ப வந்தது. வளர்ந்தவர்களுக்கு அப்படித் திரும்பவில்லை. ஊரை விட்டு வந்த குடும்பத்தில் பாட்டியின் தாலாட்டு நின்றுபோனால், காது பழகும் அந்த முதல் வருடத்தில் குழந்தை அதைக் கேட்காமலே போகிறது. பாட்டு வகுப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவர்கள்கூட இந்த நஷ்டத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

வகுப்பே வீண் என்று சொல்வதற்கில்லை. டொராண்டோவில் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரை வைத்து நடந்து, 2004-ல் வெளியான சோதனையில், ஓராண்டு இசை கற்றவர்களின் அறிவுத்திறன் எண் 7 கூடியது. கற்காதவர்களுக்கும் 4-க்குச் சற்று மேல் கூடியது. வித்தியாசம் 3-கூட இல்லை. கடன் வாங்கிச் சேர்க்கும் அளவுக்கு இது பெரிது அல்ல. ஆசையோடு கற்கும் பிள்ளையை வசதி உள்ளவர்கள் சேர்க்கட்டும்.

இது தாய்மாரின் வேலை என்று தந்தையர் ஒதுங்கிக்கொள்ளவும் வழியில்லை. அவர்களையும் ட்ரெஹப் விடவில்லை. குழந்தை எதிரே இருந்தால் தந்தையின் பாட்டிலும் சுருதி ஏறுகிறது, வேகம் குறைகிறது என்று 1997-ல் எழுதினார். இரவு ஷிப்டு முடித்து வருகிறவர் தூளியை ஆட்டிக்கொண்டே அரைகுறையாய் ஒரு பழைய சினிமாப் பாட்டை முணுமுணுத்தாலும் அது கணக்கில் சேரும்.