"இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையா?"



கல்யாணம் முடித்து ஆறு மாதம் ஆகியிருக்காது, இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறோம். கல்யாண வீட்டிலும் கேட்கிறோம், ஜனாஸா வீட்டிலும் கேட்கிறோம். பாடசாலை ஓய்வறையில் ஆசிரியர்களான நாங்களும் கேட்டிருக்கிறோம். அன்று அந்தத் தங்கச்சி தேத்தண்ணியைக் குடிக்காமலே வகுப்புக்குப் போய்விட்டா.

கேட்பதில் இவ்வளவு அவசரப்படும் நாம், வைத்தியரிடம் போவதில் மட்டும் வருடக்கணக்கில் பிந்துகிறோம். முதலில் மகளுக்கு நாட்டு மருந்து, பிறகு ஓதிப் பார்ப்பது, பிறகு யாரோ சொன்ன இன்னோர் ஊர். மாப்பிள்ளை கட்டாரில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு. அவருக்கும் ஒரு விந்துப் பரிசோதனை செய்யவேண்டும் என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. குறை ஆணிடம் இருப்பதும் சாதாரணம்தான். இருக்கும் பரிசோதனைகளில் இலேசானதும் அதுதான்.

ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் இருவரும் வைத்தியரைக் காணவேண்டும். பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போகவேண்டும். பெண்ணின் முட்டைகள் பிறக்கும்போதே அமைந்தவை. வயது ஏற ஏற எண்ணிக்கையும் தரமும் குறையும்.

ஐ.வி.எஃப் என்றால் ஒரே மாதத்தில் முடியும் என்று சிலர் நினைக்கிறோம். ஊசி மட்டும் 10, 12 நாட்கள். முட்டையை எடுத்துக் கருவாக்கி 3 முதல் 5 நாளில் கர்ப்பப்பையில் வைப்பார்கள். இரண்டு வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை. அது சரிவராவிட்டால் சில மாதம் பொறுத்து மறுபடியும் முதலிலிருந்து. கொழும்புக்கு இரவு பஸ், அடகு வைத்த நகை, பள்ளிக்கூடத்தில் கேட்க வெட்கப்படும் லீவு. எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் போய்விடும்.

பிந்திப் போனால், "வேறொரு பெண்ணின் முட்டையைப் பாவிக்கலாம்" என்று வைத்தியர் சொல்லும் நிலை வரும். 2019இல் ஆந்திராவில் 70 வயதைத் தாண்டிய ஒரு பெண் இரட்டைக் குழந்தை பெற்றது அப்படித்தான். ஆனால் நமக்கு அந்த வழி இல்லை. 1980இல் அல்-அஸ்ஹரின் ஃபத்வாவும், 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமியின் தீர்மானமும் கணவன் மனைவிக்குள் இந்தச் சிகிச்சையை அனுமதித்தன. மூன்றாமவரின் முட்டையோ விந்தோ கூடாது என்றன. நஸப் கலந்துவிடக்கூடாது என்பதே காரணம். ஈரானில் ஷீஆ அறிஞர்கள் சிலர் அனுமதித்தாலும் நமது உலமாக்களின் நிலைப்பாடு இதுதான்.

அப்படியானால் மற்றவர்களைவிட நமக்குத்தான் காலம் முக்கியம். நாம் வீணாக்கும் வருடங்களை ஈடுசெய்ய நமக்கு வேறு வழி கிடையாது.

ஆகவே உம்மாமாரே, மாமிமாரே, மகளை மட்டும் இழுத்துக்கொண்டு திரியாதீர்கள். மாப்பிள்ளை லீவில் வந்தால் விருந்துகளுக்கு முன்னர் இருவரையும் ஒன்றாக வைத்தியரிடம் அனுப்புங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளே, குத்பாவில் ஒருநாள் இதையும் பேசச் செய்யுங்கள். ஸகரிய்யா நபி முதுமையிலும் துஆ கேட்டார்கள். நாமும் கேட்போம், மருந்தையும் விடமாட்டோம்.

ஏங்கி நிற்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் அல்லாஹ் ஸாலிஹான பிள்ளைகளைத் தருவானாக. ஆமீன்.