சிறு பாக்கி, பெரிய தடை



பிழைப்புக்காக நகரம் வந்த நம்மில் பலர், வேலை மாறும்போது பழைய சம்பளக் கணக்கை அப்படியே விட்டுவிடுகிறோம். அக்கணக்கில் ஓவர்டிராஃப்ட் வசதியிருந்து, சில நூறு ரூபாய் பாக்கி நின்றாலும் அது கடனே. அதற்கு வட்டி ஏறும். 90 நாட்கள் வட்டிக்குரிய தொகைகூட வரவு வைக்கப்படாவிடில், வங்கி அதனை வாராக்கடனாக வகைப்படுத்தும். அச்செய்தி சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களைச் சென்றடையும். 300 முதல் 900 வரையுள்ள மதிப்பெண் சரியும். பிள்ளையின் கல்விக்கடனுக்கோ வீட்டுக்கடனுக்கோ விண்ணப்பிக்கும் நாளில்தான் பலர் இதனை அறிகின்றனர்.

சாதாரணச் சேமிப்புக் கணக்கின் நிலை வேறு. குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான அபராதத்தால் மட்டும் இருப்பு பூஜ்யத்திற்குக் கீழே செல்லக்கூடாது என்பது 2015 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அவ்வாறு சென்றிருந்தால் வங்கியில் எழுத்து மூலம் முறையிடுங்கள்.

ஓவர்டிராஃப்ட் பாக்கியை முழுவதுமாகச் செலுத்தி, நிலுவையில்லாச் சான்று பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். தள்ளுபடி பெற்று முடித்தால், அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும், அது நன்மதிப்பன்று. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதில் பிழையிருந்தால் புகார் செய்யுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிடில், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெற உங்களுக்கு உரிமையுண்டு.

வீடு மாறும்போது புதிய முகவரியையும் கைபேசி எண்ணையும் வங்கிக்குத் தெரிவிக்க மறவாதீர்கள். நாம் ஊரை விட்டு வந்தாலும், பாக்கி நம்மை விட்டுப் போவதில்லை.