கழுவிக்கொண்டு எங்கே போகிறது?

"ஒரு மழை பெஞ்சா எல்லாம் கழுவிட்டுப் போயிடும்." மருந்து அடித்த வயலைக் காட்டி யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். விவசாயியும் சொல்கிறார், மருந்துக் கடைக்காரரும் சொல்கிறார், படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள். கழுவிக்கொண்டு எங்கே போகிறது?

தரையில் விழுந்த நஞ்சில் ஒரு பங்கு மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. மழை அந்த மண்ணைக் கரைத்து வாய்க்காலில் இறக்குகிறது. அது ஏரியில் போய் வண்டலாகப் படிகிறது. கோடையில் அந்த வண்டலைத்தான் டிராக்டரில் அள்ளி வந்து வயலில் கொட்டுகிறோம். நீரில் எளிதில் கரையும் இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் கீழே இறங்கி நிலத்தடி நீரைத் தேடிப் போகின்றன. மிச்சத்தில் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகிக் காற்றோடு கிளம்புகிறது.

காசர்கோட்டைப் பாருங்கள். கேரள அரசின் தோட்டக் கழகம் அங்கே முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பானைத் தெளித்தது. தேயிலைக் கொசு என்ற பூச்சியைக் கொல்ல, 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை. முந்திரி குன்றின் மேலே, வீடுகள் சரிவிலும் பள்ளத்திலும். அங்கே பல வீடுகளுக்குக் குடிநீர் தருவது சுரங்கம். செம்புராங்கல் குன்றைப் பக்கவாட்டில் குடைந்து, உள்ளே கசியும் நீரைத் தொட்டியில் பிடிப்பார்கள். கிணற்றையாவது ஓலை போட்டு மூடலாம். குன்றுக்கு யார் மூடி போடுவது? உடற்குறைகளோடு பிறந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது 2017இல்.

"அது பழைய மருந்து, இப்போ வர்றதெல்லாம் சீக்கிரம் சிதைஞ்சுடும்" என்பார்கள். எண்டோசல்பானும் சிதையத்தான் செய்தது. சிதைந்து எண்டோசல்பான் சல்பேட் ஆனது. நஞ்சு குறையவில்லை, மண்ணில் நிற்கும் காலம்தான் கூடியது. உலகெங்கும் தெளித்த எண்டோசல்பான் வெப்பத்தில் எழுந்து, குளிரில் இறங்கி, மறுபடி எழுந்து, வயலே இல்லாத ஆர்க்டிக் பனி வரை போய்ப் படிந்தது.

டேங்கை வாய்க்காலில் அலசாதீர்கள். காற்று வீசும்போது அடிக்காதீர்கள். ஆனால் விவசாயிக்குப் புத்தி சொல்வதோடு இது முடிந்துவிடாது. எங்கள் கிணற்றில், ஏரி வண்டலில், காற்றில் என்ன இருக்கிறது என்று அளந்து சொல்லும்படி அரசைக் கேளுங்கள். 2009இல் இந்தியா வகுத்த தேசியக் காற்றுத் தர அளவுகோலில் 12 மாசுகள் இருக்கின்றன. அதில் ஒரு பூச்சிக்கொல்லிகூட இல்லை.