கைத்தொழிலுக்குக் காகிதத்திலும் இடம் வேண்டும்

கைத்தொழில் ஒன்று தெரிந்தால் எந்த ஊரிலும் பிழைக்கலாம் என்று சொல்லித்தான் நம் பெற்றோர் நம்மை வளர்த்தார்கள். அதை நம்பித்தான் மும்பைக்கு ரயில் ஏறினோம். தாராவியிலும் லேபர் கேம்பிலும் பட்டறைகளில் நின்று பிழைத்தும் காட்டினோம். ஆனால் இதே மும்பையிலிருந்து சவுதிக்கு விமானம் ஏறும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பாதிதான் பலிக்கிறது. வேலையைக் கை செய்கிறது. கூலியைக் காகிதம் நிர்ணயிக்கிறது.

நாம் அடிக்கடி பார்க்கும் சங்கதி இது. பத்துப் பன்னிரண்டு வருஷம் வெல்டிங் செய்தவர் வெளிநாடு போகக் கிளம்புகிறார். "இப்போதைக்கு லேபர் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக் கொள்ளலாம்" என்கிறார் ஏஜெண்டு. அங்கே போனால் வெல்டிங் வேலையைத்தான் கொடுக்கிறார்கள்; சம்பளம் மட்டும் லேபர் சம்பளம். இகாமாவில் எழுதியிருப்பதுதான் அவருடைய தொழில். கூலி உயர்வு கேட்டாலும், விபத்துக்கு ஈடு கேட்டாலும், "நீ வெல்டரே இல்லையே" என்று சொல்லக் கம்பெனிக்கு வசதியாகி விடுகிறது.

தொழிலாளியின் திறமையை அவனுடைய நாட்டிலேயே சோதித்துச் சான்றிதழ் தரும் திட்டத்தைச் சவுதி அரசாங்கம் 2022 டிசம்பரில் டெல்லியிலும் மும்பையிலும் தொடங்கியது. பிளம்பர், எலக்ட்ரீஷியன், வாகன எலக்ட்ரீஷியன், வெல்டர், ஏ.சி. மெக்கானிக் ஆகிய ஐந்து தொழில்கள் முதலில் எடுத்துக் கொள்ளப்பட்டன. எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டும் உண்டு. 2025 ஜனவரி முதல் படிப்பு, தொழில் சான்றுகளை முன்கூட்டியே சரிபார்ப்பதும் வேலை விசாவுக்கு நிபந்தனையாயிற்று.

"இது படிக்காதவன் வழியை அடைக்கும் வேலை" என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. காகிதம் இல்லாத தொழிலாளி மலிவான தொழிலாளி. அவனுடைய திறமையை இனாமாக வாங்கிக் கொள்வதில் யாருக்கு லாபம் என்று யோசித்தால் போதும். சோதனை வேண்டாம் என்று நாம் சொல்லக் கூடாது. சோதனைக்குத் தயாராகும் வசதி எங்கே என்றுதான் கேட்க வேண்டும்.

ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் 1961-ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டப்படி பயிற்சி முடித்த பையன், அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறித் தேசியச் சான்றிதழ் வாங்குகிறான். அதற்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள தாராவிப் பட்டறையில் மேஸ்திரியிடம் அதே தொழிலை அதே அளவு கற்ற பையனுக்கு எதுவும் கிடைப்பதில்லை. முன்னவனைச் சட்டம் பார்த்தது, பின்னவனைப் பார்க்கவில்லை.

ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் தொல்லை உண்டு. நெல்லையில் வாங்கிய சான்றிதழுக்கு மாநில அளவில் அத்தாட்சி பெறத் தமிழ்நாட்டுக்குத்தான் போக வேண்டும். லீவு, ரயில் சார்ஜ், அலைச்சல் எல்லாம் நம் தலையில். பெயர்ச் சிக்கல் வேறு. நமக்கு இனிஷியல் என்பது அப்பா பெயரின் முதலெழுத்து. மகாராஷ்டிரத்தில் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிகிறது, ஐ.டி.ஐ. சான்றிதழில் ஒற்றை எழுத்தாக நிற்கிறது. சரிபார்ப்பவர் கண்ணுக்கு இவை இரண்டு ஆட்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, பட்டறையில் தொழில் கற்றவர்களைச் சோதித்துச் சான்று வழங்கும் ஏற்பாடு மத்திய அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை நம் குடியிருப்புகளுக்கே கொண்டு வர வேண்டும். அன்றைய கூலியையும் ஈடு செய்ய வேண்டும். இரண்டாவது, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அதுவும் தொழிற்பயிற்சித் துறையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது மும்பைக்கு வந்து முகாம் நடத்தி, அத்தாட்சியையும் பெயர்த் திருத்தத்தையும் இங்கேயே முடித்துத் தர வேண்டும். மூன்றாவது, நம் சான்றிதழை அந்நாடுகள் நேரடியாக ஏற்கும்படி அரசுக்கு அரசு ஒப்பந்தம் வேண்டும். ஒவ்வொரு தொழிலாளியும் தனித்தனியே போய்த் தன்னை நிரூபித்துக் கொண்டிருக்க முடியாது.

கோரிக்கை நிறைவேறும் வரை நாம் சும்மா இருக்கவும் வேண்டாம். வேலையை விட்டு வரும்போது அனுபவக் கடிதம் கேட்டு வாங்குங்கள். "நல்ல பையன்" என்ற கடிதம் உதவாது. என்ன தொழில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த மிஷினில் வேலை என்பது இருக்க வேண்டும். பி.எஃப். கணக்கு இருந்தால் அதுவும் சாட்சிதான். லேபர் விசாவில் கையெழுத்துப் போடும் முன் நாலு பேரிடம் கேளுங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் சான்றிதழ்கள் வைத்த பெட்டி ஒன்று இருக்கும். ஏஜெண்டு வரும் வரை காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே அதைச் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். பெயரையும் தேதியையும் சேர்ந்து ஒத்துப் பார்ப்போம். அதில் தெரியும் குறைகளைத் தொகுத்தால் அதுவே நம் மனுவாகும்.