மண்ணுக்குத் திரும்பியது சரிதானா?

கலிபோர்னியாவின் சாண்டா அனிடா பந்தயத் திடலில் 2018 டிசம்பர் 26 முதல் 2019 ஜூன் 23 வரை, பந்தயத்திலும் பயிற்சியிலுமாக 30 குதிரைகள் இறந்தன. அந்தக் குளிர்காலத்தில் அங்கே மழை கொட்டித் தீர்த்தது. பிப்ரவரி இறுதியில் தளத்தை மூடி, ரேடார் கருவியால் மண்ணடுக்குகளைச் சோதித்து, குறையில்லை என்று திறந்தார்கள். மீண்டும் குதிரைகள் விழவே, மார்ச் 5 அன்று காலவரையின்றி மூடி, பின்னர் மறுபடியும் திறந்தார்கள்.

இதே திடலில் முன்பு வேறொரு தளம் இருந்தது. பெரிய திடல்கள் 2007 முடிவதற்குள் செயற்கைத் தளத்துக்கு மாற வேண்டும் என்று கலிபோர்னியக் குதிரைப் பந்தய வாரியம் 2006-இல் உத்தரவிட்டதால் வந்த தளம் அது: மணலும் செயற்கை இழைகளும் மெழுகும் சேர்ந்த கலவை. 2010 டிசம்பரில் சாண்டா அனிடா செயற்கைத் தளத்தைக் கைவிட்டு மண்ணுக்குத் திரும்பியது. கீன்லாண்ட் திடல் 2014-இலும் டெல் மார் திடல் 2015-இலும் அதே வழியில் போயின.

காரணங்கள் இல்லாமல் இல்லை. 2008 தொடக்கத்தில் சாண்டா அனிடாவின் செயற்கைத் தளத்தில் மழைநீர் சரியாக வடியாமல் பந்தயங்கள் ரத்தாயின. வெயிலில் மெழுகு இளகியது. பின்னங்கால் காயங்கள் கூடுவதாகப் பயிற்சியாளர்கள் புகார் சொன்னார்கள். ஆனால் தராசைச் சாய்த்தது வேறொன்று என்பது என் எண்ணம். கென்டக்கி டெர்பி ஓடுவது மண்ணில். மண்ணில் வென்ற குதிரைக்குத்தான் அமெரிக்க இனப்பெருக்கச் சந்தையில் பெரும் விலை.

அமெரிக்கக் குதிரைப் பந்தய அமைப்பான ஜாக்கி கிளப் 2009 முதல் தொகுத்துவரும் சாவுக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2023-இல் பந்தயத்தில் இறங்கிய ஒவ்வோர் ஆயிரம் முறைக்கும் நேர்ந்த சாவு மண்ணில் 1.43, புல்லில் 1.13, செயற்கைத் தளத்தில் 0.97. மண்ணைவிடச் செயற்கைத் தளம் பாதுகாப்பானது என்பதைப் பத்தாண்டுக்கும் மேலாக இந்தக் கணக்கு காட்டிவந்திருக்கிறது.

மழை வரும் என்றால் மண் தளத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நீர் உள்ளிறங்காதபடி டிராக்டரால் மேற்பரப்பை அழுத்தி இறுக்குகிறார்கள். நீர் சரிவில் உள்வேலிப் பக்கம் ஓடும்போது நுண்ணிய களிமண்ணையும் அரித்துக்கொண்டு போகிறது. வெயில் வந்ததும் பரம்படித்து மண்ணைத் திரும்பப் பொலபொலப்பாக்குகிறார்கள். நேற்று இறுகிக் கிடந்த தளம் இன்று இளகிக் கிடக்கிறது. உள்ளோரம் ஒரு மாதிரி, வெளியோரம் ஒரு மாதிரி. அரை டன் எடையுள்ள குதிரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது, ஒரு கணம் ஒற்றை முன்னங்கால் உடல் எடையின் இரு மடங்குக்கும் மேலான சுமையைத் தாங்குகிறது. எலும்பு ஒரு தளத்துக்குப் பழக வாரக்கணக்காகும். தளமோ ஒரே இரவில் மாறிவிடுகிறது.

சாண்டா அனிடாவில் இறந்த குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு, முறிந்த இடத்தில் ஏற்கெனவே சேதம் இருந்தது என்று வாரியத்தின் 2020 அறிக்கை கூறியது. தளத்தின் மேல் தவறில்லை என்பதற்கு இதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது தலைகீழ் வாதமாகப் படுகிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு ஓடும் குதிரைக்குத்தான் சீரான தளம் இன்னும் அவசியம். மருத்துவச் சோதனையைக் கடுமையாக்கியது நல்லதே; ஜாக்கி கிளப் கணக்கில் ஆயிரத்துக்கான மொத்தச் சாவு விகிதம் 2009-இல் 2.00 ஆக இருந்து 2023-இல் 1.32 ஆகக் குறைந்ததில் அதற்குப் பங்குண்டு. அதனால் தளம் பற்றிய கேள்வி தீர்ந்துவிடாது.

ஃபுளோரிடாவின் கல்ஃப்ஸ்ட்ரீம் பார்க் மண்ணையும் புல்லையும் வைத்துக்கொண்டே 2021-இல் செயற்கைத் தளம் ஒன்றையும் சேர்த்தது. புல் நனைந்தால் பந்தயம் அந்தத் தளத்துக்கு மாறுகிறது. சாண்டா அனிடாவும் பந்தயத்துக்கென்று அப்படியொரு தளம் போட வேண்டும். மண்ணை இறுக்கும் நாட்களில் மண் பந்தயங்களையும் அங்கேயே நடத்த வேண்டும்.