அறிவிப்பு வந்தது, ஆலை வந்ததா?

2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு செய்தி வெளியாயிற்று. பாக்ஸ்கான் கம்பெனி தமிழ்நாட்டில் 15,000 கோடி ரூபாய் முதலீடு செய்யப் போகிறது. 14,000 பேருக்கு உத்தியோகம் கிடைக்கும் என்று தொழில் மந்திரி டி.ஆர்.பி. ராஜா அறிவித்தார். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. திருவண்ணாமலை தேரடி வீதி டீக்கடைகளில் அதைப் படித்தவர்களில், வீட்டில் டிப்ளமா முடித்த பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பவர்கள் சற்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டொரு நாளில் அடுத்த செய்தி வந்தது. எங்கள் பிரதிநிதி முதல் மந்திரி மு.க. ஸ்டாலினைச் சந்தித்தது உண்மை. ஆனால் புதிய முதலீடு பற்றி அந்தச் சந்திப்பில் பேசவில்லை என்று கம்பெனி தெரிவித்தது. எதிர்க்கட்சிகள் உடனே பிடித்துக்கொண்டன. இது ஓராண்டாக நடந்துவரும் பேச்சின் பலன், கம்பெனி கொடுத்த உறுதி உறுதிதான் என்று மந்திரி பதில் சொன்னார்.

யார் சொன்னது சரி என்ற வழக்கை அரசியல்வாதிகளுக்கு விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது வேறு. பெரிய கம்பெனிகளின் அறிவிப்பில் வரும் கோடிக்கணக்கு என்பது என்ன? கையில் உள்ள பணமா, மனத்தில் உள்ள எண்ணமா?

இந்தக் கம்பெனியின் பழைய கணக்கைப் புரட்டினால் சில விஷயங்கள் தெரிகின்றன. 2015 ஆகஸ்டில் மகாராஷ்டிர ராஜ்யத்தில் 500 கோடி டாலர் போடுவதாகப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 50,000 பேருக்கு வேலை என்றார்கள். 2020 ஜனவரியில் அந்த ராஜ்யத்தின் தொழில் மந்திரியே, அந்தத் திட்டம் இனி இல்லை என்று சொல்லிவிட்டார். 2022-ல் வேதாந்தா கம்பெனியுடன் சேர்ந்து குஜராத்தில் 1,54,000 கோடி ரூபாயில் 'சிப்' ஆலை என்று மேளம் கொட்டினார்கள். 2023 ஜூலையில் பாக்ஸ்கான் விலகிக்கொண்டது.

இந்தியாவில் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் விஸ்கான்சின் ராஜ்யத்தில் 1,000 கோடி டாலர் செலவில் ஆலை, 13,000 பேருக்கு வேலை என்று 2017-ல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு ஜனாதிபதி டிரம்ப்பே மண்வெட்டி பிடித்துப் பூமி பூஜை செய்தார். உலகின் எட்டாவது அதிசயம் என்று வேறு புகழ்ந்தார். ஆலைக்காக அங்கே வீடுகள் இடிக்கப்பட்டன. 2021-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியபோது, 1,000 கோடி டாலர் 67 கோடியே 20 லட்சமாகச் சுருங்கியிருந்தது. வேலைகள் 1,454. அதிசயத்துக்காக ஒதுக்கிய நிலத்தில் ஒரு பகுதியைப் பிற்பாடு மைக்ரோசாப்ட் கம்பெனி வாங்கியது. மைக்ரோசாப்ட் என்ற பெயரை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். அது மறுபடியும் வரும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் பாக்ஸ்கான் ஆலை கற்பனை அல்ல. அங்கே 2019 முதல் ஐபோன்கள் தயாராகின்றன. பல்லாயிரம் பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியை நோக்கி உயர்கிற கைப்பேசிகளில் சில, இந்த ஜில்லாப் பெண்களின் கைபட்டு வந்தவையாகவே இருக்கலாம்.

செங்கம், போளூர், கலசபாக்கம், தண்டராம்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு உள்ளூரில் என்ன வேலை இருக்கிறது? வயல் வேலை, நூறு நாள் வேலை, டவுனில் ஒரு ஜவுளிக் கடை. இதை விட்டால் ஜில்லாவின் வடக்கு மூலையில் செய்யாறு சிப்காட்டில் உள்ள ஷூ ஆலை. அதையும் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். மாதம் பிறந்தால் வங்கியில் விழும் சம்பளத்துக்கு அங்கேதான் வழி. அந்தப் பணத்தில் கடன் அடைந்த வீடுகள் உண்டு. தம்பி படித்த வீடுகள் உண்டு. அதைக் குறைத்துப் பேசுவது பாவம். ஆகவேதான், எங்கோ ஒரு நகரத்தில் எடுக்கும் தீர்மானம் செங்கத்தில் ஒரு வீட்டின் அடுப்பைத் தொடுகிறது.

நோக்கியா சொல்லும் கதை

ஒருமுறை தொட்டும் இருக்கிறது. 2005-ல் பின்லாந்து நாட்டின் நோக்கியா கம்பெனி தமிழக சர்க்காருடன் ஒப்பந்தம் செய்தது. நிலம், மின்சாரம், விற்பனை வரியைத் திருப்பிக் கொடுக்கும் சலுகை எல்லாம் கிடைத்தன. 2006 தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பமாயிற்று. உலகத்திலேயே மிகப் பெரிய கைப்பேசி ஆலைகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. ஆலையில் நேரடியாகச் சுமார் 8,000 பேர்; பாகங்கள் செய்து கொடுத்த ஆலைகளில் மேலும் பல ஆயிரம் பேர். விடியுமுன் கம்பெனி பஸ் வந்து நிற்க, கழுத்தில் அட்டை தொங்க ஏறிப் போகும் பெண்களைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர்களும் தங்கள் பெண்களை அனுப்பினார்கள்.

உள்ளே எல்லாம் சொர்க்கம் என்று சொல்வதற்கில்லை. சம்பளத்துக்காகவும் சங்கத்துக்காகவும் வேலை நிறுத்தங்கள் நடந்தன. 2010-ல் ஒரு பெண் தொழிலாளி யந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். ஆனாலும் ஆலை நிலைக்கும் என்ற நம்பிக்கை மட்டும் யாருக்கும் குறையவில்லை.

அப்புறம் இடி இரண்டு பக்கமிருந்து விழுந்தது. மென்பொருளுக்காகப் பின்லாந்துக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று வருமான வரி இலாகா 2013-ல் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. ஏற்றுமதி செய்ததாகச் சொன்ன கைப்பேசிகளை உள்நாட்டிலேயே விற்றார்கள் என்று தமிழக சர்க்காரும் 2014-ல் 2,400 கோடி கேட்டது. கம்பெனி இரண்டையும் மறுத்து வழக்காடியது. இதற்கிடையே 2013 செப்டம்பரில், கைப்பேசித் தொழில் முழுவதையும் மைக்ரோசாப்ட்டுக்கு விற்பதாக நோக்கியா அறிவித்தது.

2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தது. கைப்பேசித் தொழில் கைமாறியது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் மாறவில்லை! வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டிருந்ததால் மைக்ரோசாப்ட் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பெண்ணைக் கொடுத்தவர் ஒருவர், சீரை வாங்கியவர் ஒருவர், பெண் மட்டும் வாசலில் நின்ற கதைதான். சில மாதங்கள் மைக்ரோசாப்ட்டுக்குக் கூலிக்குச் செய்து கொடுத்தார்கள். அந்த ஆர்டரும் நின்றது. 2014 நவம்பர் 1-ந் தேதி ஆலை ஓய்ந்தது. அதற்குள் பெரும்பாலோர் 'விருப்ப ஓய்வு' பெற்றிருந்தார்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஓய்வு! அதை விருப்பம் என்று எழுதியவர் யாரோ?

நோக்கியாவை நம்பி அருகில் ஆலை வைத்திருந்த பாக்ஸ்கானும் அந்த டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது.

அப்புறம் நடந்தது இன்னும் விசேஷம். 2015-ல் மைக்ரோசாப்ட், நோக்கியாவை வாங்கியது வீண் என்று தன் கணக்கில் 760 கோடி டாலரைத் தள்ளி எழுதியது. வாங்குவதாக அறிவித்த விலையைவிட அதிகம் அது! 2016-ல் சாதாரணக் கைப்பேசித் தொழிலை 35 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர்களில் ஒருவர் யார்? பாக்ஸ்கான் குடும்பத்தைச் சேர்ந்த கம்பெனிதான். ஆலையைச் சிக்க வைத்த வருமான வரி வழக்கு 2018-ல் சமரசமாக முடிந்தது. ஆலை மூடி அப்போது மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெரிய கம்பெனி தவறான தீர்மானம் எடுத்தால் அதற்குத் தள்ளுபடிக் கணக்கு இருக்கிறது. ஆலையை விட்டு வெளியே வந்த பெண்ணுக்கு அப்படி ஒரு கணக்குப் புத்தகம் கிடையாது.

வரி கேட்டது தவறு என்பதல்ல இங்கே வாதம். வரி கேட்க சர்க்காருக்கு உரிமை உண்டு. சலுகை கொடுத்த நாளிலேயே, கம்பெனி கைமாறினால் தொழிலாளர் கதி என்ன என்று எழுதி வாங்கியிருக்க வேண்டாமா?

மானம் ஒரு பக்கம், மணம் ஒரு பக்கம்

2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு விஷமாயிற்று. 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்ற விவரம் சரியாகக் கிடைக்காமல் வதந்தி பரவ, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் ஆப்பிள் கம்பெனி கண் திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஆலை 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தது.

2024 ஜூனில் ராய்ட்டர் ஒரு செய்தி வெளியிட்டது. கல்யாணமான பெண்களை ஐபோன் ஆலையில் எடுப்பதில்லை என்று ஆள் சேர்க்கும் ஏஜென்டுகள் சொன்னதாக அதில் இருந்தது. மத்திய சர்க்கார் தமிழக சர்க்காரிடம் அறிக்கை கேட்டது. 2022-ல் ஆள் சேர்ப்பில் குறை இருந்தது, திருத்திவிட்டோம் என்று கம்பெனிகள் சொல்லின. பாரபட்சம் காட்டுவதில்லை என்றும் பாக்ஸ்கான் மறுத்தது. இருக்கட்டும். ஆனால் திருவண்ணாமலைப் பக்கத்துத் தாய்மார்களுக்கு இது வெறும் செய்தி அல்ல. பெண்ணுக்குத் தாலி ஏறினால் வேலை இறங்குமா என்ற கேள்விக்கு, அறிவிப்பு எதிலும் பதில் இல்லை.

நிலத்தின் கதையும் இதோடு சேர்ந்ததே. செய்யாறு சிப்காட்டின் மூன்றாம் கட்ட விரிவுக்கு மேல்மா சுற்றுவட்டாரத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்கத் திட்டம். விளைகிற நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று விவசாயிகள் 2023-ல் நூறு நாட்களுக்கு மேல் போராடினார்கள். அந்த நவம்பரில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. ஊரெல்லாம் கண்டனம் எழுந்த பிறகு சில நாட்களில் ஆறு பேர் மீதிருந்த உத்தரவு வாபஸ் ஆயிற்று. என்ன ஆலை வரும், எத்தனை வருஷம் இருக்கும் என்று தெரியாமல், நிலத்தை மட்டும் முதலில் கேட்டால் விவசாயி சந்தேகப்படுவது குற்றமா?

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. சிப்காட் கட்டியது, செலவு சுமார் 706 கோடி ரூபாய். 2021-ம் ஆண்டு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்களுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் ஆலை கம்பெனியுடையது; விடுதி பொதுப் பணத்தில் எழுந்தது. இந்தக் கட்டடத்துக்கு ஈடாகக் கம்பெனி எத்தனை வருஷத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது என்பதைச் சட்டசபையில் எந்தக் கட்சியும் கேட்கலாம்.

அடுத்த கோடிக்கணக்கு அறிவிப்பு வரும்போது வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி இதைவிடச் சிறியது. பெண்ணின் வேலை உத்தரவில் யார் பெயர் இருக்கிறது? ஆலையின் பெயரா, ஆள் சேர்த்துவிடும் ஏஜென்சியின் பெயரா? 2014-ல் நோக்கியா கொடுத்த ஓய்வுப் பணம் அதன் சம்பளப் பட்டியலில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது. அதே வளாகத்தில் கான்ட்ராக்டர் கணக்கில் சமைத்தவர்கள், கூட்டியவர்கள், பஸ் ஓட்டியவர்கள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.